தூண்டில் மீனும் மாடி அறையும்

ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வருவதா, நான் அவள் வீட்டுக்குப் போவதா? அவளும் அவள் அம்மாவும் வீட்டின் முன்னறையில் தையல் கடை நடத்துகிறார்கள். அம்மாவுக்குப் பார்வை குறைந்துவருகிறது. தனியே விட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. நான் போகாவிட்டால் கல்யாணமே இழுபறிதான்.

எது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை. அண்ணனிடம் கேட்டேன்.

"வீட்டோட மாப்பிள்ளையா? போ போ. பட்டன் தைக்க ஆள் வேணும்ல அவங்களுக்கு" என்றான்.

இதற்கிடையில், மாலைக் கல்லூரி உயிரியல் வகுப்பில் பேச எனக்கு வாய்த்த தலைப்பு ஆழ்கடல் தூண்டில் மீன்களின் இனப்பெருக்கம். பகலில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறவன் நான். குளிரும் இருட்டும் பழக்கம்தானே என்று சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். படித்த பிறகு குழப்பம் கூடிவிட்டது. வெளிச்சம் எட்டாத அந்த ஆழத்தில் துணை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் சில இனங்களில், விரல் நீளம்கூட இல்லாத ஆண் மீன், தலையில் தூண்டில்போல் ஒன்றை நீட்டி இரை பிடிக்கும் பெரிய பெண் மீனைத் தேடிப் போய்க் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. பிறகு விடுவதே இல்லை. தோல் ஒட்டி, இரத்த ஓட்டமும் ஒன்றாகிவிடுகிறது.

நேற்று அவளைப் பார்க்கப் போனவன், அவள் வீட்டு மாடிப்படியில் நின்று வகுப்புப் பேச்சை ஒத்திகை பார்த்தேன். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் குரலை உயர்த்தியே சொன்னேன்.

"வந்து ஒட்டிக்கொண்ட ஆணுக்கு அதன்பின் தனி வாழ்க்கை கிடையாது. கண்கள் சுருங்கிவிடும். பெண்ணின் இரத்தத்தில் வருவதுதான் சாப்பாடு. கடைசியில் அது இனப்பெருக்கத்துக்கான ஓர் உறுப்பு, அவ்வளவுதான்."

மெஷின் எந்த வாக்கியத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம் மாப்பிள்ளை. இப்படிச் சுவத்தைப் பார்த்துச் சொல்லணுமா?"

"இல்லை அத்தை, இது மீன்."

"எது மீன்?"

"தூண்டில் மீன், அத்தை."

"ஓ. தூண்டில் வேற போட்டோமா நாங்க?"

சத்தம் கேட்டு அவள் வந்தாள். என் தாள்களை வாங்கி நின்றபடியே படித்தாள். அம்மா முன்னால் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வாள். இப்போது அதெல்லாம் பறந்துவிட்டது.

"ஏண்டா, ஆணுக்கு என்னென்ன போச்சுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கே. பொண்ணுக்கு என்ன போச்சு?"

"ஒண்ணும் போகலையே. இருந்த இடத்துக்கே துணை வருது."

"வேத்து உடம்பு வந்து ஒட்டினா நம்ம உடம்பு சும்மா இருக்குமா? எதிர்த்துத் தள்ளாது? இது ஏன் தள்ளலை?"

அதைப் படித்திருந்தேன். தேவையில்லை என்று விட்டுவிட்டேன். அந்நியமானதை அடையாளம் கண்டு எதிர்க்கும் சக்தியில் பெரும்பகுதியை அந்த இனங்கள் இழந்துவிட்டன. அப்புறம் நோய்நொடியை எப்படிச் சமாளிக்கின்றன என்பது இன்னும் சரியாகத் தெரியவில்லை. மென்று விழுங்கிச் சொன்னேன்.

அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதைச் சொல்லு. இவ அப்பா போனதிலேருந்து இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். இனிமே தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, ரேடியோவை அலறவிட்டுக்கிட்டு இருக்க முடியுமா? எனக்கும்தான் பக்குபக்குங்குது."

இது எனக்குத் தோன்றவே இல்லை. தேற்றலாம் என்று நினைத்து, "சில இனத்துல ஆண் கொஞ்ச நேரம் ஒட்டியிருந்துட்டு, வேலை முடிஞ்சதும் கிளம்பிடும் அத்தை" என்றேன்.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "வாயை மூடிக்கிட்டு இரேன்டா கொஞ்சம்."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், மாடி அறைச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"கதவை இழுத்துப் பிடிச்சுப் பூட்டணும். இல்லைன்னா பூட்டு விழாது."

வருகிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? வழியெல்லாம் யோசித்தேன். வரமாட்டேன் என்றும் சொன்னதாக நினைவில்லை. அண்ணன் கேட்டால் என்ன சொல்வது? சாவியைச் சட்டைப் பையில்தான் போட்டிருந்தேன். ஆனால் பையோடு சேர்த்து அதை இறுகப் பிடித்தபடியே நடந்து வந்திருக்கிறேன். வீட்டுக் கதவைத் தட்டக் கை எடுத்தபோதுதான் கவனித்தேன்.