வெள்ளை விளிம்பு

என் தங்கை வேலையில் சுறுசுறுப்பு. சொல்பேச்சு மட்டும் கேட்காத கழுதை. பாட்டிலுக்குள் வளரும் குருத்துகளை நறுக்கிச் சத்துக் கலந்த புது ஜெல்லியில் நட்டுப் பெருக்குவதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பிழைப்பு. ஒவ்வொரு தடவையும் இவள் கொழுகொழுவென்று இருப்பதாகப் பார்த்து எடுத்தாள். கொழுத்ததெல்லாம் முழுப்பச்சை. விற்பனைக்கு வேண்டியதோ இலை ஓரத்தில் வெள்ளை விளிம்பு உள்ள புதர்ச்செடி. அது நோஞ்சானாகத்தான் வளரும். அலமாரி முழுக்கப் பச்சையாகிப் போன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது.

வெள்ளை விளிம்போடு மிஞ்சியது ஒரே பாட்டில். அதிலும் ஒரு பக்கம் பூசணம். தாய்ச்செடி எப்போதோ பட்டுப்போய்விட்டது.

"இதக் காப்பாத்துனா இருக்கட்டும். இல்லேன்னா உன் தங்கச்சி கிளம்பலாம்," என்றார் மேனேஜர், என்னைப் பார்த்து.

கிளம்பி எங்கே போவாள்? கைநீட்டும் புருஷனை விட்டுவிட்டுக் குழந்தையோடு ஒற்றை அறையில் இருக்கிறாள். என் வீட்டில் காலை நீட்டவே இடமில்லை. சம்பளம் நின்றால் மறுபடி அந்த ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும்.

"நீயே வெட்டுக்கா. எனக்கு பயமா இருக்கு."

"கெடுத்தது நீதான். நீ வெட்டு. வாய மூடிக்கிட்டு வெட்டு."

வாயை மூடுவது எங்கள் சட்டம். முகமூடி போட்டிருந்தாலும் பாட்டில் திறந்திருக்கும்போது யாரும் பேசக்கூடாது. எச்சில் தெறித்தால் எல்லாம் பாழ். தங்கை கத்தியைத் தீயில் காட்டி ஆறவிட்டாள். பூசணத் தூள் கிளம்பாமல் மூடியை மெதுவாகத் திருகினாள். பூசணம் தொடாத பக்கம் இரண்டு குருத்துகள். ஒன்று புஷ்டி, வெள்ளை அநேகமாக மறைந்துவிட்டது. மற்றது நூல்போல, ஆனால் விளிம்பு பளிச்சென்று இருந்தது. ஒன்றை எடுத்தால் மற்றது பூசணத்தில் சாய்ந்துவிடும்.

கத்தி புஷ்டியானதை நோக்கிப் போயிற்று.

அடிப்பாவி. கத்தவும் முடியாது, கையைப் பிடிக்கவும் முடியாது. மேஜைக்கடியில் அவள் பாதத்தின் மேல் என் பாதத்தை வைத்து மெல்ல அழுத்தினேன். காலை எடுக்கவில்லை.

கத்தி அந்தரத்தில் நின்றது. அவள் என் பக்கம் திரும்பவில்லை, குருத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோஞ்சானின் அடியில் கத்தியை வைத்தாள். புதுப் பாட்டிலில் நட்டு மூடிய பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

மேனேஜர் தினமும் வந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் காலை சுத்தமான ஜெல்லியின் மேல் புது இலை விரிந்திருந்தது, ஓரம் வெள்ளையாக.

"சரி, இவளே பெருக்கட்டும்," என்றார்.

தங்கை அழவில்லை, சிரிக்கவுமில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, பாப்பாவ இங்கயே ஸ்கூல்ல சேத்துடட்டுமா?"

"சேத்துடு," என்றேன்.