ஹில்டா சிரித்த காலை

மகனின் கையை உடைத்தவனுக்கு ஹில்டா தன் கையாலேயே அருகம்புல் சாறு ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்துவிட்டு, "எலுமிச்சை கொஞ்சம் கூட பிழிஞ்சிருக்கலாம்மா" என்றான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களுக்காகத் தள்ளுவண்டி போட்டிருப்பவள் நாகம்மா, ஹில்டாவின் பக்கத்து வீட்டுக்காரி. கால் சுளுக்கிக்கொண்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, ஹில்டா அன்று உதவிக்கு வந்திருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவளுடைய தையல் வேலை தொடங்க இன்னும் நேரம் இருந்தது.

"இன்னாக்கா, அந்தாளையே பாக்குற?" என்றாள் நாகம்மா.

"அவன் யாருன்னு தெரிதா?"

"ரிட்டயர்டு இன்ஸ்பெக்டரு. தெனம் வரான். மூணு ரவுண்டு போவான்."

வேகமாகக் கைவீசி நடந்துபோகும் அந்த முதுகையே ஹில்டா பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுத்தண்டு தேய்ந்துவிட்டது, எழுந்து நடமாட முடியவில்லை என்று மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, ஹில்டாவின் புகார்மேல் மனித உரிமை ஆணையம் நடத்தும் விசாரணையைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்துக்கொண்டிருந்த அழகேசனின் முதுகு அது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஷெர்வின் ஒரு தொழிற்சாலையில் சிஎன்சி மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். ஷிப்ட் முடிந்து கொரட்டூர் ஸ்டேஷனில் இறங்கி வந்தவனைச் செல்போன் பறிப்பு வழக்கில் தேடுகிறோம் என்று பிடித்தார்கள். "எந்தக் காலனிடா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அழகேசன். சொன்னான். கன்னத்தில் அறை விழுந்தது. "எதுக்கு சார் அடிக்கிறீங்க?" என்று அவன் கேட்ட அந்த ஒரு கேள்விதான் குற்றம். மறுநாள் செய்தியில் அவன் படம் வந்தது. வலது கையில் மாவுக்கட்டு. காவல் நிலையக் கழிப்பறையில் வழுக்கி விழுந்தானாம்.

அந்தப் படத்தை ஊரே பகிர்ந்து சிரித்தது. அவன் மாவுக்கட்டைக் காட்டிப் பாட்டுப் போட்டு வீடியோ செய்தார்கள். ஹில்டாவோடு வேலை செய்கிற பெண்ணின் போனுக்கே அது வந்தது. கொஞ்ச நாளில் உண்மையான திருடன் பிடிபட்டான். ஷெர்வினை விட்டுவிட்டார்கள். மணிக்கட்டு மட்டும் கோணலாகவே ஒட்டிக்கொண்டது. இன்றும் அவன் சட்டைப் பொத்தானை ஹில்டாதான் போட்டுவிடுகிறாள். மெஷின் வேலை போயிற்று. நசரத்பேட்டையில் ஒரு கூரியர் குடோனில் பார்சல் ஸ்கேன் செய்கிறான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஹில்டா அடுப்படி மேடைக்கு அடியில் இருந்த எலி மருந்து பாக்கெட்டைக் கையில் எடுத்தாள். சாற்றின் பச்சையில் எதுவும் தெரியாது. வெகுநேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் செத்தால் பத்திரிகையில் நல்லவிதமாக எழுதுவார்கள், மாலை போடுவார்கள். அப்புறம் யார் பதில் சொல்வது? பாக்கெட்டைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் எறிந்தாள். பிறகு ஆணையத்தில் அவர்களுக்காக வாதாடும் வக்கீல் மதிவதனிக்குப் போன் செய்தாள்.

"அவர் நடக்கிறதை மட்டும் வீடியோ எடுங்கம்மா, போதும்" என்றாள் மதிவதனி.

ஹில்டா அதை எடுத்தாள், ஆனால் அவளுக்கு அது போதவில்லை.

நாகம்மாவின் கால் சரியான பிறகும் ஹில்டா தினமும் வண்டிக்கு வந்தாள். அழகேசனுக்கு எலுமிச்சை கூடப் பிழிந்தாள். அவனோடு நடக்க வருகிற இரண்டு பேர், மனோகரனும் ஜானகிராமனும், பக்கத்து அடுக்குமாடியில் இருப்பவர்கள். சாறு குடித்துவிட்டு அங்கேயே நின்று உலக விஷயம் பேசுவார்கள். அழகேசன் அவளுக்குத் தவறாமல் குட்மார்னிங் சொன்னான். அவளும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் வாயில் கசந்தது. ஆனால் சொன்னாள்.

ஒருநாள் பாட்டில்களுக்கு நடுவே போனைச் சாய்த்துவைத்து, வீடியோவை ஓடவிட்டுக் கேட்டாள். "சார் போலீஸ்ல பெரிய ஆளா இருந்தீங்களாமே? இந்த ரவுடிப் பசங்க கையெல்லாம் வழுக்கி வுழுந்து ஒடையுதே, அது எப்டி சார்?"

மனோகரன் கடகடவென்று சிரித்தார். அழகேசன் டம்ளரை வைத்துவிட்டுத் தன் மணிக்கட்டைக் காட்டினான்.

"இங்க ரெண்டு செங்கல், அங்க ரெண்டு செங்கல். நடுவுல கைய வெச்சு ஏறி மிதிச்சா முடிஞ்சுது. கொரட்டூர்ல ஒருத்தன், எதுக்கு அடிக்கிறீங்கன்னு என்னையே கேள்வி கேட்டான். காலனிப் பய. அம்மா அம்மான்னு கத்துனான் பாருங்க…"

"அவன்தான் திருடனா சார்?" என்றார் ஜானகிராமன்.

"அவன் இல்ல. இருந்தா என்ன? அதுக்கப்புறம் எவனையாவது கேள்வி கேப்பானா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் ஹில்டாவைப் பார்த்தான். அவளும் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். அவர்கள் போனதும் வண்டிக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்தாள். நாகம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் அந்த வீடியோவை ஷெர்வின் பார்த்தான். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டான்.

"நீயும் சிரிக்கிறியாம்மா?"

"சிரிக்கலேன்னா அவன் சந்தேகப்படுவான்டா."

"நான் உன்னைத்தான் கூப்ட்டேன் அப்போ. அவன் மிதிச்சப்போ உன்னைத்தான் கூப்ட்டேன்." போனை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். சில நாட்கள் அவளோடு பேசவில்லை. பொத்தான் இல்லாத டீ-ஷர்ட் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். ஹில்டா சமாதானம் சொல்லவில்லை. மகனின் இந்தக் கோபத்துக்கும் சேர்த்துத்தான் அழகேசன் பதில் சொல்லவேண்டும் என்று மனசில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த விசாரணையில் அழகேசனின் வக்கீல் புதிய சான்றிதழை நீட்டினார். கட்சிக்காரர் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்றார். மதிவதனி எழுந்து வீடியோவைப் போடச் சொன்னாள். ஏரிக்கரையில் அவன் கைவீசி நடந்தான். பிறகு அவன் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. செங்கல், மணிக்கட்டு, அம்மா. விசாரித்த ஆணைய உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அடுத்த முறை நேரில் வராவிட்டால் பிடித்துவர உத்தரவிடுவேன் என்றார்.

வந்தான். வராந்தாவில் ஹில்டாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"ஜூஸ்காரம்மா நீயா? தெனம் உனக்கு குட்மார்னிங் சொன்னேனே!"

"ஷெர்வினோட அம்மா" என்றாள் அவள். "ஸ்டேஷன் வாசல்ல உன் கால்ல வுழுந்து கும்ட்டேன். ஒரு தபா குனிஞ்சு என் மூஞ்சிய பாத்துருந்தா, இப்போ தெரிஞ்சிருக்கும்."

அவன் வாய் திறந்தான். வக்கீல் அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

மனித உரிமை மீறல் நடந்தது என்று ஆணையம் சொன்னது. அவன்மேல் குற்ற வழக்குத் தொடரப் பரிந்துரைத்தது. வீடியோ செய்தியிலும் வந்தது. மனோகரனும் ஜானகிராமனும் வேறு பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். அழகேசன் தனியாக வந்தான், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. அதைப் பார்ப்பதற்காகவே ஹில்டா ஏரிக்கு வந்தாள். பிறகு அவன் வருவதே நின்றது. அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது அழகேசனின் மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"பேரனை ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்கம்மா. அந்த வீடியோவ எடுத்துடச் சொல்லுங்க. நீங்க சாமி கும்பிடறவங்க, மன்னிக்கத் தெரிஞ்சவங்க."

ஹில்டா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "எம்புள்ள கட்டோட நிக்கிற படம் இன்னும் நெட்ல சுத்திகினுதான் கீது. நீங்க அத எடுத்துட்டு வாங்க. அப்பால இத பத்திப் பேசலாம்."

"அது எப்படிம்மா என்னால முடியும்?"

"எனக்கும் முடியாதுங்க."

உள்ளறையில் ஷெர்வின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் போன பிறகு வெளியே வந்து, "கேஸுக்கு நான் சாட்சி சொல்றேன். நீ பக்கத்துல நில்லு, போதும்" என்றான்.

வழக்கு தொடங்கிய நாளில் இருவரும் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கோர்ட் டவாலி கதவருகே நின்று, "அழகேசன், அழகேசன், அழகேசன்" என்று கூப்பிட்டார். பெயருக்கு முன்னால் எந்தப் பதவியும் இல்லை, பின்னால் 'சார்' இல்லை. அவன் கூண்டுக்கு நடந்து வந்தான். ஹில்டாவுக்கு அந்தப் பெயரை இன்னொரு முறை கூப்பிடமாட்டாரா என்றிருந்தது.