கோமதியின் முறை

கழுத்துக்கு அடியில் ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை, தலை என் தோளில் சாய்ந்திருக்க அவள் மூச்சு காதோரம் சுடுகிறது, மாடிப்படி திரும்பும் இடத்தில் கால் சுவரில் இடித்துவிடாமல் பக்கவாட்டில் இறங்குகிறேன், பொறு கோமு, இன்னும் கொஞ்சந்தான் என்கிறேன், அவள் சிரிக்கிறாள், வாயோரம் எச்சில் வழிந்து என் சட்டையை நனைக்கிறது, நனைந்த இடம் குளிர்கிறது, குனிந்து பார்த்தால் அது ஐப்பசி மழை, பாளையங்கோட்டையில் அந்தச் சங்கத்தின் வாசலில் வெறுங்கையோடு நிற்கிறேன், என் மகள் கோமதி ஆடி மாதமே போய்விட்டாள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சங்கம், எப்போதோ பெயர் கொடுத்து வைத்தது, உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால் வாரத்தில் ஒரு பகல் யாராவது வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்றால் கூட வந்து வாதாடுவார்கள், ஆனால் ஆட்கள் குறைவு, ஒரு குடும்பம் விலகினால்தான் இன்னொரு குடும்பம், அதனால் காத்திருந்தோம், காத்திருக்கிறோம், என் மனைவி ஆவுடை கோமுவுக்குத் தலைவாரியபடி கேட்கிறாள், கூப்பிட்டாங்களா, இன்னும் இல்லை என்கிறேன், கூப்பிட்டா ஒரு நாள் நாம ரெண்டு பேரும் குறுக்குத்துறைக்குப் போயி அவசரமில்லாம ஆத்துல முங்கிட்டு வரணும் என்கிறாள், சீப்பு சிக்கியதும் கோமு சிணுங்குகிறாள், சரிட்டீ சரிட்டீ என்று கொஞ்சுகிறாள், பிறகு காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைத்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த இரைப்பு நின்றபோது தூங்கிவிட்டாள் என்று நினைத்து விசிறிக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் கூப்பிட்டார்கள். உங்க மகளுக்கு முறை வந்திருக்கு சார், வர முடியுமா என்று ஒரு பெண் குரல், பிள்ளை இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், வாரேன்மா என்றுதான் வந்தது, அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆவுடை யாருக்காகப் போறீய என்றாள், இன்று காலை செருப்பை மாட்டினேன், கோமுப்பா கோமுப்பா என்று கூப்பிட்ட தெருவே இப்போது என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அங்கே போனால் இன்னும் கொஞ்ச நேரம் நான் கோமதியின் அப்பா, அந்த ஆசைதான், வேறொன்றுமில்லை.

பொறுப்பாளர் ஜெசிந்தா துவாலை கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னார், பிள்ளையைக் கூட்டி வரலையா என்றார், மழைம்மா, ஈரக்காத்து அவளுக்கு ஆகாது என்றேன், என்ன சாப்பிடுவாள் என்றதற்குக் குழைய வடித்த சோறு, பருப்புத்தண்ணி, ரசம் மட்டும் ஆகாது, துப்பிவிடுவாள் என்றேன், துப்புகிறாள், என் முகமெல்லாம் ரசம், அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டாள் என்று ஆவுடை விழுந்து விழுந்து சிரிக்கிறாள், ஜெசிந்தாவும் சிரித்தார், ஒரு சொல்லும் பொய்யில்லை, எல்லாமே பொய், எங்கோ ஒரு தகப்பன் இந்த இடத்துக்காகக் கண்விழித்துக் கிடக்கிறான் என்று தெரிந்தும் அவன் முறையில் உட்கார்ந்திருந்தேன், வெட்கமாக இருந்தது, எழுந்திருக்க மனம் வரவில்லை.

கூடத்தில் மற்ற பெற்றோர் பாயில் இருந்தார்கள், பிள்ளைகள் சிலர் மடியில், சிலர் சக்கர நாற்காலியில். இங்கே ஒரு வழக்கம், புதிதாகச் சேர்கிறவர் தம் பிள்ளையைத் தூக்கும் விதத்தை எல்லோருக்கும் செய்து காட்ட வேண்டும், வீட்டுக்கு வரப்போகிறவர் அதே மாதிரி தூக்கினால்தான் பிள்ளை மிரளாதாம், அதற்காகத் தலையணையை வைத்துச் சுருட்டிய ஜமுக்காளம் ஒன்றைப் பாயில் கிடத்தினார்கள். குனிந்தேன், கழுத்துக்கு அடியில் ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை, நிமிர்ந்தபோது தோள் தானாகத் தாழ்ந்தது, தலை சாய இடம் கொடுத்தது, கால் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பினேன், சுவரே இல்லை, வா கோமு, பஸ் வந்திரும், ஜெசிந்தா நல்லது சார் என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார், நான் அப்படியே நின்றேன், எவ்வளவு நேரமோ.

பக்கத்தில் மகனின் தாடையை உள்ளங்கையில் தாங்கியபடி இருந்த மேலப்பாளையத்துச் செய்யதம்மாள் என்னையே பார்த்தார். இறக்கி விடுங்க அண்ணாச்சி, கை கடுக்கும், என்றார். இல்லம்மா, கனமே இல்லை, என்றேன். அவர் கண் நிறைந்தது, எப்பம் போனா, என்று மெல்லக் கேட்டார்.

தினமும் தூக்குகிறவர்கள் தூக்கிய உடனே இறக்கி வைக்க இடம் தேடுவார்கள், நானும் தேடியவன்தான், படியில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கே இறக்கலாம் என்று தேடித் தேடியே முதுகு ஒடிந்தவன், இன்று தேடவில்லை, அதைத்தான் அவர் பார்த்துவிட்டார். ஆடியில, என்றேன், இதுவரை என் வாயால் யாரிடமும் சொல்லாத சொல், ஜெசிந்தா வந்து பாயின் சுருக்கத்தை நீவிவிட்டார், இங்கே வைங்க சார் என்றார், குனிகிறேன், தலை முதலில், பிறகு முதுகு, பிறகு கால், பாயில் படுக்க வைத்தும்விட்டேன், கைகளை மட்டும் அடியிலிருந்து எடுக்க முடியவில்லை.