வேனுக்கும் வீட்டுக்கும் நடுவே

வீடு கிடைத்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

வேனில் குடியிருந்த காலத்தில் அடித்துப் போட்டாற்போல் தூங்கியவள்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்து பின்சீட்டில் சாய்ந்தால் போதும், கண் செருகிவிடும். புருஷனுக்கு முழங்கால் போய், லாரி ஓட்டும் வேலையும் போய், இருந்த வாடகை வீட்டையும் இடித்துவிட்ட பிறகு அந்தப் பழைய வேனே கதி என்று கிடந்தார்கள் இருவரும்.

வீடில்லாதவர்களுக்காக ஓடியாடும் சேவை அமைப்பு ஒன்றும், அடுக்குமாடி கட்டும் கம்பெனி ஒன்றும் அப்போதுதான் கைகோத்திருந்தன. கம்பெனியின் நிலம் ஒன்று கட்டடம் எழும்பாமல் சும்மா கிடந்தது. அதில் கம்பெனி ஆட்களே ஓரறை வீடுகளை வரிசையாகக் கட்டிக் கொடுத்தார்கள். குடிவைப்பதும், பிறகு கூட நிற்பதும் அமைப்பின் பொறுப்பு. அமைப்பிலிருந்து வந்துபோகும் அம்மாள் முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

சாவி வாங்கிய அன்று புருஷன் நன்றாகத்தான் இருந்தான். குழாயைத் திறந்து திறந்து மூடினான். இருட்டியதும் குட்டி போட்ட பூனையாக உலாவ ஆரம்பித்துவிட்டான்.

"படுங்களேன்."

"படுத்தா வெளிய யார் வர்றான்னு தெரிய மாட்டேங்குது."

"இங்க யாரு வரப்போறா?"

"அதான் தெரியலைங்கறேன்."

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேலியோரம் நின்ற வேனுக்குப் போய்விட்டான். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும்.

அவளுக்கு வீட்டை நினைத்துத்தான் பயம். இருவர் குடியிருக்கும் வீடு என்றுதானே கொடுத்தார்கள்? ஒருவர் உள்ளே தங்குவதே இல்லை என்று தெரிந்தால், பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவன் பக்கத்துப் படுக்கை விரிப்பைக் கசக்கிவிட்டாள். அவன் பல்துலக்கும் பிரஷை நனைத்து வைத்தாள். இல்லாத மனுஷனுக்குப் படுக்கை கலைத்து வைக்கிற பெண்டாட்டி உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன் என்று சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் படபடப்பும் வந்தது.

விடுமுறை நாளொன்றில் கம்பெனி சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தபடி வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அண்ணன்கிட்ட சொல்லி வேனை எடுக்கச் சொல்லுங்க. அடுத்த வரிசைக்கு அஸ்திவாரம் போடுறோம். கான்கிரீட் லாரி திரும்ப இடம் இல்ல."

"சொல்றேன்."

"அவரு அதுலதான் படுக்கிறாராமே? வாட்ச்மேன் சொன்னாரு."

"அந்த வாட்ச்மேனுக்கு வேற வேலை இல்ல. இவரு ஏதாவது சாமான் எடுக்கப் போயிருப்பாரு."

அவர் போன பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துடைத்த தரையையே மறுபடி துடைத்தாள். மத்தியானம் டீச்சர் வந்து உட்கார்ந்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"அவரு இங்க தங்க மாட்டேங்கறாரு டீச்சர். அதுக்காக வீட்டைப் பிடுங்கிடாதீங்க. அவரு வரலைன்னா போகட்டும். நான் மட்டும் இருந்துக்கறேன்."

டீச்சரின் பார்வை அவளைத் தாண்டிப் போனது. திரும்பினாள். தண்ணீர் பிடிக்க வந்த புருஷன் வாளியோடு வாசலில் நின்றிருந்தான்.

"வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு," என்றார் டீச்சர், இருவருக்கும் கேட்கும்படி. "யார் எங்க படுத்தாலும் யாரையும் யாரும் கிளப்ப மாட்டாங்க. ரொம்ப நாள் வெளிய இருந்தவங்களுக்கு இப்படி ஆகுறது உண்டு. வேனை கம்பெனி வண்டிங்க நிக்கிற யார்டுல விடலாம், நான் பேசிட்டேன்."

அவன் வாளியை நிரப்பி உள்ளே வைத்துவிட்டுப் போனான். சற்றுப் பொறுத்து வேன் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் பூராவும் அவள்தான் உலாவினாள். வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தாள். கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? பொய்யாகச் சொல்லியிருந்தாலாவது சமாதானம் சொல்லலாம். அவன் வராவிட்டாலும் அவள் இங்கேதான் இருப்பாள். அதுதான் உண்மை, அதுதான் அவளை அரித்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் காலை விந்திக்கொண்டு நடந்து வந்தான். கக்கத்தில் தலையணை.

"வேன் எங்க?"

"யார்டுல. பேட்டரி வயரைக் கழட்டிட்டேன்."

"நான் சொன்னது..."

"காது நல்லாத்தான் கேக்குது எனக்கு."

"கோவமா?"

"கோவம்தான். பசி அதைவிட அதிகமா இருக்கு. சாப்பாடு போடு."

சாப்பிட்டுக் கை கழுவியதும் கட்டிலைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான். கால்மாடு வாசல் பக்கம் வந்தால் படுத்தபடியே வெளியே பார்க்கலாம் என்று அவனுக்கு. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, கட்டில் சுவரில் இடித்து நின்றது. அவள் ஒன்றும் கேட்காமல் மறுமுனையைத் தூக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றான்.

"கதவைச் சாத்தட்டுமா?"

"வேணாம்."

"நாளைக்கும் இங்கதானே படுப்பீங்க?"

"நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பார்ப்போம்."

உறுதியாக ஒரு சொல் சொல்லமாட்டானா என்றிருந்தது அவளுக்கு. திறந்த கதவு வழியே குளிர்காற்று நேராக வந்து காலைத் தொட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, பக்கத்தில் அவன் புரண்டு புரண்டு படுப்பதைக் கேட்டபடி அவளும் புரண்டு படுத்தாள்.