கதவில் தொங்கிய அட்டை

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரித் தொண்டில் இருநூறு மணிநேரம் சேர்த்துவிட வேண்டும் என்று கோரின் கணக்கு வைத்திருந்தாள். இன்னும் நான்கு மணிநேரம்தான் பாக்கி. வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. போர்வையைச் சூடாக்கித் தரலாம், சக்கர நாற்காலி துடைக்கலாம், பேச்சுத்துணைக்கு உட்காரலாம். நோயாளிக்குத் தின்னவோ குடிக்கவோ எதைக் கொடுப்பதானாலும் நர்ஸைக் கேட்க வேண்டும். போன மாதம் தொண்டுக்கு வந்த ஒருத்தி கேட்காமல் ஜூஸ் கொடுத்தாள். அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏழாம் அறையில் லிண்ட்குவிஸ்ட் கிழவர் படுத்திருந்தார். ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் துறைமுகத்திலிருந்து இரும்புத்தாது ஏற்றிப்போகும் கப்பலில் நாற்பது வருடம் சமையல்காரராக இருந்தவர். கதவில் சிவப்பு அட்டை தொங்கியது: 'வாய்வழியாக எதுவும் தரக்கூடாது.'

"ஒரு துண்டு ஐஸ் குடேன் கண்ணு."

"அட்டை போட்டிருக்கு சார். நர்ஸைக் கேட்டுட்டு வரேன்."

"சன்னலுக்கு வெளிய பாரு. ஏரி முழுக்க ஐஸு. எனக்கு ஒரு துண்டுக்குப் பஞ்சம். நல்ல ஊரு போ."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் டார்லா, மூன்றாம் அறையில் மூச்சு நின்றுபோன ஒருவரைப் பிழைக்கவைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். இன்னொரு நர்ஸ், "அவரு என் பேஷண்ட் இல்லம்மா. அட்டை என்ன சொல்லுதோ அதான்" என்றாள்.

"கேட்டியா?" அவள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் கிழவர் கேட்டார்.

"கேட்டேன் சார். டார்லா இப்ப வந்துடுவாங்க."

இன்னும் ஒருமுறை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. நாக்கை நீட்டி உதட்டைத் தடவிப் பார்த்தார். நாக்கே காய்ந்து கிடந்தது. ஐஸ் இயந்திரம் எட்டடி தூரத்தில்தான் உறுமிக்கொண்டிருந்தது. கோரினுக்குக் கை பரபரத்தது. பாக்கியிருந்த நான்கு மணிநேரமும் நினைவுக்கு வந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அவர் ஐஸ் கேட்டதை இன்னொரு நர்ஸ் சொல்லி, டார்லா ஒரு கோப்பை ஐஸோடு ஓடி வந்தபோது கிழவரின் மூச்சு அப்போதுதான் அடங்கியிருந்தது. நாடி பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

"காலைலயே டாக்டர் மாத்தி எழுதிட்டாரு. இனிமே வைத்தியம் வேண்டாம், கேட்டதைக் குடுங்கன்னு. அட்டையைக் கழட்ட நான் மறந்துட்டேன்."

"அப்போ ஐஸ்?"

"குடுத்திருக்கலாம்." டார்லா அவள் தோளைத் தொட்டாள். "நீ செஞ்சதுதாம்மா சரி. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த ஆறுதல் கோரினின் நெஞ்சை அறுத்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கோப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் உதட்டில் வைத்தாள். யாரையும் கேட்கவில்லை. டார்லாவும் தடுக்கவில்லை.

ஐஸ் மெல்ல உருகி, உள்ளே போகாமல் தலையணையில் வடிந்தது.