கோப்பைக்கு அடியில்

இறங்க வந்து, இறங்காமல் மேலேறிப் போன விமானத்தின் இரைச்சலில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஓடுபாதையின் நடுவில் மஞ்சள் ஜீப் நின்றது. பறவை விரட்டுகிறவன் அதன் பக்கத்தில் அண்ணாந்தபடி நின்றான். ஆள் ஒல்லி, கழுத்து நீளம். எல்லோருக்கும் அவன் கொக்கு.

கடைசி நொடியில் விமானியை மேலே போகச் சொன்னவள், கோபுரத்தில் விமானங்களை வழிநடத்தும் அவள்தான். இறங்க அனுமதி கொடுத்தவளும் அவள்தான். மேற்பார்வையாளரிடமிருந்து பொறுப்பை வாங்கி உட்கார்ந்து நான்கு நிமிடம் ஆகவில்லை. ஓடுபாதையில் ஆளோ வண்டியோ இருந்தால் மேசைப் பலகையில் சிவப்புப் பட்டை கிடக்க வேண்டும். பலகை காலியாக இருந்தது. ஆனாலும் உட்காருமுன் வெளியே ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

மேற்பார்வையாளர் அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். ஜீப்பை வெளியேற்றி, சுற்றி வந்த விமானத்தை இறக்கினார். பிறகு ஆறிப்போன டீயை எடுத்தார். கோப்பைக்கு அடியில் இருந்தது சிவப்புப் பட்டை. மேசை கறைபடாமல் இருக்க அவரே வைத்தது. கொக்கை உள்ளே அனுப்பியதும் அவரே.

"உசிரா போச்சு? கேக்காமலே நுழைஞ்சிட்டான்னு எழுதிடும்மா."

"நீங்கதானே சார் போகச் சொன்னீங்க?"

"வாக்கிடாக்கில சொன்னது எங்க பதிவாகுது? நீ வெளிய பாக்காம உக்காந்தியே, அதை நான் எழுதட்டுமா? அடுத்த மாசம் உன் லைசென்ஸுக்கு யாரு கையெழுத்துப் போடணும்?" குரலைத் தணித்துக்கொண்டார். "அவன் கான்ட்ராக்ட் ஆளும்மா. இங்க இல்லேன்னா இன்னொரு இடம்."

இன்னொரு இடம். மூட்டை தூக்கிய அவள் அப்பாவிடமும் இதையே சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்பா அந்த இன்னொரு இடத்தைத் தேடிய மூன்று மாதமும் வீட்டு அடுப்பில் பூனை தூங்கியது. அதெல்லாம் நினைவுக்கு வரத்தான் செய்தது. வந்தும், பேனா எங்கும் தடுக்காமல் எழுதியது. கையெழுத்தும் வழக்கம்போல அழகாக விழுந்தது.

மேற்பார்வையாளர் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

மேசையில் வாக்கிடாக்கி கரகரத்தது. "மேடம், கொக்கு பேசறேன். நீங்க மட்டும் பாக்கலேன்னா, பறவையை வெரட்டப் போனவன் நானே பறந்திருப்பேன்! ரெண்டு புள்ளைங்க மேடம் எனக்கு. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவள் பொத்தானை அழுத்தினாள். விட்டுவிட்டாள்.

கீழே, வேலியோரம் நின்ற ஜீப்பை நோக்கிக் காவலாளி நடந்தான். கையை நீட்டினான். கொக்கு ஏதோ கேட்டான். பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையை ஒரு கையால் கழற்றினான். மறு கையைக் கோபுரத்தைப் பார்த்து ஆட்டினான், மேலே இருக்கிறவள் பார்த்தால் நடந்ததைச் சொல்லிவிடுவாள் என்பதுபோல.

அவள் பட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். டீ வட்டம் போகவில்லை. வெளியே, விரட்ட ஆளில்லாத ஓடுபாதையில் பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கி, சாவகாசமாக நடக்கத் தொடங்கின.