மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா

கோசோ தீவில் அந்தக் குழந்தைக்கு இரண்டு அம்மாக்கள். பெற்றவள் மார்தீஸ், அவளைச் சட்டப்படி மணந்து, பிள்ளையின் காய்ச்சலுக்கும் அழுகைக்கும் கூடவே கண்விழித்தவள் டோரியட். ஞானஸ்நானம் கொடுக்கப் பங்குச்சாமியார் ஒரு நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டார். தொட்டியருகே மார்தீஸ் மட்டும் நிற்கலாம். டோரியட் சிநேகிதி என்ற பெயரில் மூன்றாவது வரிசையில் உட்கார வேண்டும். மார்தீஸ் கெஞ்சியதால் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலையில் தண்ணீர் விழுந்ததும் குழந்தை வீறிட்டு அவள் பக்கம் கை நீட்டியது. அவள் எழுந்திருக்கவில்லை.

விருந்தில் சாமியார் பாலாடைக்கட்டிப் பலகாரத்தை ஒரு கை பார்த்துவிட்டு, குழந்தையைக் கையில் வாங்கி, எண்ணெய் வழியும் விரலால் அதன் கன்னத்தைக் கிள்ளினார்.

"வாங்கம்மா, ரெண்டு அம்மாவும் எம் பக்கத்துல நில்லுங்க. படம் எடுத்துப் பங்குப் பத்திரிகையில போடுவோம். நம்ம கோயில் யாரையும் ஒதுக்கலன்னு ஊர் பாக்கட்டும்."

டோரியட் முகம் சுளித்தாள்.

"கொஞ்சம் சிரிடி" என்று மார்தீஸ் அவள் காதில் முணுமுணுத்தாள். அது டோரியட்டுக்குச் சாமியாரின் பேச்சைவிட அருவருப்பாக இருந்தது.

"தண்ணி ஊத்துறப்ப சிநேகிதி, படத்துக்கு மட்டும் அம்மாவா சாமி? பிள்ளைய இப்படிக் குடுங்க."

"என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா..."

டோரியட் குழந்தையை வாங்கி, அதன் கன்னத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டு, தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் மார்தீஸ் ஓடிவந்தாள். டோரியட் வண்டியை நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டாள். ஆனால் வீடு சேரும்வரை மார்தீஸின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.